பாபின் தாண்டாத தடைகள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் மகள் யமுனா போன் செய்தாள். மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து காரில் வருகிறாளாம். அம்மாவைப் பார்ப்பாள், மதியம் சாப்பிடுவாள், திரும்பும்போது பாபினை ஏற்றிக்கொண்டு போய்ப் பெருந்துறைப் பக்கம் மாப்பிள்ளையின் நண்பர் தோட்டத்தில் விட்டுவிடுவாள்.

"அம்மாவைத் தள்ளி விட்ட நாய் இனிமே அந்த வீட்ல இருக்கக் கூடாதுப்பா. அவ்வளவுதான்."

பாபின் எங்கள் நாய். வயது ஆறு. தாய் சிங்காநல்லூர்த் தெரு நாய். தந்தை யாரென்று நிரூபணமாகவில்லை. குட்டியாக வந்தபோது நூல் சுற்றிய பாபின் போல நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்திருந்ததால் நான் வைத்த பெயர்.

சம்பவத்தையும் குறித்து வைக்கிறேன். டிசம்பர் 11 காலை எட்டேகாலுக்கு என் மனைவி மயிலாத்தாள் பின்வாசல் படியிறங்கும்போது விழுந்தாள். வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. நான் முன்பக்கம் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடியபோது பாபின் அவளருகே நின்றது. சம்பவ இடத்தில் நாய் இருந்தது என்று யமுனாவிடம் நான்தான் சொன்னேன். அது உண்மை. நாய் தள்ளியது என்று நான் சொல்லவில்லை. அது அவளாகச் செய்துகொண்ட முடிவு. நான் அதை மறுக்கவும் இல்லை.

மில்லில் முப்பத்தோரு வருடம் உள்விசாரணை அதிகாரியாக இருந்தவன் நான். பீடி பிடித்தவன், தூங்கியவன், மேஸ்திரியை அடித்தவன் எல்லோரும் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒழுக்கம் நிரூபிக்கப்பட்டால் தண்டனை குறையும். பக்கத்து வீட்டு எபனேசர் சாரின் லேப்ரடாரைப் பழக்க ஒருவர் வருகிறார். தடை தாண்டவும், கம்புகளுக்கு இடையே வளைந்து போகவும், குகைக்குள் நுழைந்து வரவும் பழகிய நாய், மனிதர் காலில் குறுக்கே வராது என்கிறார். அந்தச் சாமான்களைக் கடையில் வாங்கும் விலைக்கு நாயையும் அதன் வம்சத்தையும் வளர்த்துவிடலாம். வீட்டில் கிடப்பதைக் கொண்டு நானே செய்வதாக முடிவு.

இருபத்தேழு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

போர் போட்டபோது மிஞ்சிய பிவிசி பைப் மாடியில் கிடந்தது. அறுத்து மூன்று தாண்டுதடைகள் செய்தேன். பக்கத்துக்கு ஒரு கால், நடுவில் ஒரு குறுக்குக்கம்பு. கம்பை ஏற்றி இறக்க வரிசையாகக் கொக்கிகள்.

பின்வாசலில் செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை ஹோஸ் இருந்தது. அதை நீளவாக்கில் கீறித் துண்டு போட்டுக் கம்புகளுக்கு உறையாக மாட்டினேன். நாயின் கால் அடிபடக் கூடாது. ஹோஸில் ஒரு துண்டும் மிச்சமில்லை.

மயிலாத்தாள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல ஹோஸுங்க அது."

"நாய்க்குப் பாதுகாப்பு வேணுமல்ல?"

"ஆமாங்க. பாதுகாப்பு ரொம்ப முக்கியம்."

என்னைப் பார்த்தாள். பிறகு பாபினைப் பார்த்தாள். 

எபனேசர் சார் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "ஹோஸ் புதுசாச்சே சார்? தீபாவளிக்குத்தானே வாங்கினீங்க?"

ஒருவன் ஹோஸ் வாங்கிய தேதி அடுத்த வீட்டுக்காரருக்கு எதற்குத் தெரிந்திருக்க வேண்டும்?

பிப்ரவரி 6, வியாழன்

முதல் சோதனை. கம்பின் உயரம் ஒரு அடி. பாபின் முதல் தடையை முகர்ந்தது. இரண்டாவதில் காலைத் தூக்கியது. மூன்றாவதன் அடியில் புகுந்து போனது. மூன்று கேள்விகளுக்கு மூன்று வெவ்வேறு பதில்கள். சிந்திக்கும் நாய் என்பதில் ஐயமில்லை.

நானே தாண்டிக் காட்டினேன். மூன்றாவதில் வேட்டி சிக்கியது. உள்ளே யாரோ சிரித்த மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். மயிலாத்தாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 8, சனி

ஆறு காலி பெயிண்ட் டின்களில் மணல் நிரப்பி, நடுவில் ஆளுயரப் பைப் நட்டு, இரண்டடி இடைவெளியில் வரிசையாக வைத்தேன். இவற்றின் ஊடே நாய் பாம்பு போல வளைந்து போக வேண்டும். டின்களைத் தூக்கியதில் என் முதுகுதான் வளைந்தது.

மயிலாத்தாள் நடப்பதில்லை என்பதையும் குறிக்க வேண்டியிருக்கிறது. கட்டுப் பிரித்து மூன்று வாரமாகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். பிசியோதெரபிப் பெண் மூன்று நாள் வந்தாள், நான்காம் நாள் வரவில்லை. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடிக்கும் நேரத்தையும் முகபாவத்தையும் குறித்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை போலும். இப்போது நான் "எந்திரிச்சு ரெண்டடி வையேன்" என்றால் மயிலாத்தாள், "வலிக்குதுங்க" என்கிறாள். நான் பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாபின் இன்று ஒரு டின்னைச் சுற்றி வந்தது. அப்போது அதற்கு முன்னால் ஒரு பூனை ஓடியதைப் பதிவு செய்யத் தேவையில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

குகை தயார். பழைய சைக்கிள் ரிம் நான்கு, மேலே ஒரு ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ், வட்டச் செயலாளர் ஒருவருடைய பிறந்தநாளுக்குப் பேக்கரி முன்னால் கட்டியது. பிறந்தநாள் முடிந்து நான்கு நாள் கழித்து, பேக்கரிக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் கழற்றினேன். இருந்தாலும் கட்சிக்காரர்கள் பார்த்தால் வம்பு என்று முகம் உட்பக்கம் வரும்படி சுற்றினேன்.

பாபின் குகை வாயில் தலையை நீட்டியது. உள்ளே முழு நீளத்துக்கும் ஒரு சிரிப்பு. தலையை வெளியே எடுத்துக்கொண்டது. அதற்கு வாக்குரிமை இல்லாதது நாட்டுக்கு நஷ்டம்.

பிப்ரவரி 12, புதன்

சந்தேகத்துக்கிடமான நிகழ்வு. தினமும் ஆறு மணிக்குப் பேக்கரிக்குப் போய் டீ குடித்து, பேப்பர் பார்த்து, ஏழரைக்குத் திரும்புவேன். இன்று திரும்பியபோது மூன்று தடைகளின் கம்புகளும் கடைசிக் கொக்கியில் இருந்தன. தரையிலிருந்து நான்கு அங்குலம். பேக்கரிக்குப் போகும் முன் ஒரு அடியில் இருந்ததற்கு இந்த நாட்குறிப்பே சாட்சி. டின்களும் நகர்ந்திருக்கின்றன. இரண்டடி இடைவெளி மூன்றடியாகியிருக்கிறது.

மயிலாத்தாளிடம் கேட்டேன்.

"நான் எங்கீங்க பார்த்தேன்? இந்த நாற்காலிய விட்டு எங்க போறேன்?"

பிப்ரவரி 14, வெள்ளி

மீண்டும் அதே. சந்தேகத்துக்குரியவர்: எபனேசர். காரணம்: அவருடைய லேப்ரடார் கொழுத்த நாய், நான்கு அங்குலத்துக்கு மேல் தாண்டாது, அகலமான நாய், இரண்டடிக்குள் வளையாது. நான் உழைத்துச் செய்த சாமான்களில் அவர் ஓசியில் நாய் பழக்குகிறார். சிக்கனம் என்பது அடுத்தவன் வீட்டுப் பொருளில் தொடங்குகிறது.

மதிலருகே பேச்சுக் கொடுத்தேன். "சார், உங்க கையில என்ன, மணலா ஒட்டிருக்கு?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொட்டி மண்ணு சார். ரோஜாச் செடி வெச்சேன்."

"எந்த ரோஜா?"

"இனிமேதான் சார் வாங்கணும்."

முப்பத்தோரு வருட அனுபவத்தில் இதைவிட மோசமான பொய்யை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சொன்னவன் தறிக்கு அடியில் படுத்திருந்தான். வழிபாடு நடத்துவதாகச் சொன்னான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேக்கரிக்குப் போகுமுன் தடைகளைச் சுற்றிக் கோலமாவு தூவிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்த தடயங்கள்:

எபனேசர் சாரின் ரப்பர் செருப்பு. ஐயமில்லை, இடது குதிகால் தேய்ந்தது. டின்களுக்கு அருகில் மட்டும். பாபினின் காலடி, எல்லா இடத்திலும். லேப்ரடாரின் காலடி எங்குமே இல்லை. இவை தவிர, தடைக்குத் தடை சிறு சிறு வட்டத் தடங்கள். ஒவ்வொரு இடத்திலும் நான்கு, சம இடைவெளியில்.

ஆகவே எபனேசர் ஒரு முக்காலியோ நாற்காலியோ கொண்டுவந்து, ஒவ்வொரு தடைக்கு முன்னும் பின்னும் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாய் இல்லாமல். ஏன்?

பிப்ரவரி 17, திங்கள்

வாக்கரின் நான்கு ரப்பர்க் காலிலும் கோலமாவு. பாபின் அதைப் பின்வாசலுக்கு இழுத்துப் போய் விளையாடியிருக்க வேண்டும். மகள் வருமுன் இது வெளியில் தெரிந்தால் அதன் வழக்கு இன்னும் பலவீனமாகும். ஈரத்துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் துடைப்பதை மயிலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். 

பிப்ரவரி 20, வியாழன்

பத்து நாள் மீதம். பாபினின் முன்னேற்றம்: தாண்டுதடை, இல்லை. கம்பு, இல்லை. குகை, சிரிப்பு நீடிக்கும் வரை இல்லை. 'உட்கார்' என்றால் படுக்கிறது. 'படு' என்றால் என் முகத்தைப் பார்த்து வாலாட்டுகிறது. இந்த நாய் என்மீது வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது மயிலாத்தாளிடம் பேசிப் பார்த்தேன்.

"யமுனாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன். நாய் இருக்கட்டும்னு."

"நான் என்னத்தங்க சொல்றது? எப்படி விழுந்தேன்னு அவ கேப்பாளே."

"வழுக்கிருச்சுன்னு சொல்லேன்."

"எதுல வழுக்குச்சுன்னு கேப்பாளே."

ரசம் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. பாதியில் எழுந்து கை கழுவினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஆறு மணிக்குப் பேக்கரிக்குப் புறப்படுவதுபோல் புறப்பட்டேன். "வர்றேன்" என்று வழக்கத்தைவிட உரக்கச் சொன்னது தவறாக இருக்கலாம். பின்னாலிருக்கும் காலி சைட் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குகைக்குள் நுழைந்து படுத்துக்கொண்டேன். வட்டச் செயலாளரும் நானும் முகத்தோடு முகமாக இருபது நிமிடம். அவர் சிரிப்பதை நிறுத்தவே இல்லை.

பின்கதவு திறந்தது. டொக், டொக் என்று ஒரு சத்தம். நின்றது. கம்பு இறங்கும் சத்தம்.

மதிலுக்கு மேலிருந்து எபனேசர்: "டின்னை இன்னைக்குக் கிட்ட வைக்கட்டாம்மா? மூணடி உங்களுக்கு இப்ப ஜாஸ்தி."

"வையுங்க சார். பிசியோப் பொண்ணு ரெண்டரைக்குக் கொண்டாரச் சொல்லுச்சு. போன்ல பேசினேன்."

டொக். டொக். மூச்சு வாங்குவது கேட்டது. "ஒண்ணு." டொக். "ரெண்டு." எங்கோ ஓரிடத்தில் "ஸ்ஸ்" என்றாள். உடனே பாபின் முனகியது. "ஒண்ணுமில்லடா. போலாம் வா." அவள் நடந்தால் அது நடந்தது, நின்றால் நின்றது. என்னால் ரிம்முக்கும் ஃபிளெக்ஸுக்கும் இடையே பார்க்க முடிந்த அளவு பார்த்தேன். அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளியே வந்தது. ஒரு தடவைகூடக் குறுக்கே வரவில்லை.

பிறகு பாபின் குகைக்குள் வந்தது. பன்னிரண்டு நாளாக நான் கெஞ்சியும் நுழையாத குகை. நேராக வந்து என் மூக்கை நக்கியது.

"அதுக்குள்ள என்னடா?" என்றாள் மயிலாத்தாள். "பூனையா?"

நான் மூச்சு விடவில்லை.

"பெரிய பூனையாத்தான் இருக்கோணும். செருப்பு வெளிய கெடக்குது."

எபனேசர் இருமினார். மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மனிதர் நாகரிகம் தெரிந்தவர்.

"வாடா பாபின் இக்கட்டால. நீ ஒண்ணும் பண்ணலைன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன? தெரிஞ்சவிய வாயத் தொறக்கோணும். இன்னும் ஒரு வாரம் இருக்குது, பாக்கலாம்."

இதை அவள் நாயிடம் சொன்னாள். ஆகவே எனக்கு அனுப்பிய மெமோவாகக் கொள்ள முடியாது.

அவள் உள்ளே போன பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை. குகையின் அகலம் போதாது.

பிப்ரவரி 24, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

பேக்கரிக்கு ஆறு மணிக்குப் போனேன். எட்டு மணி வரை அங்கேயே இருந்தேன். பேக்கரிக்காரர், "வீட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. இரண்டு தேங்காய் பன் சாப்பிட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

பதினொன்றரைக்கு யமுனா வந்தாள். கையில் புதுக் கழுத்துப்பட்டை, சங்கிலி. மயிலாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் எப்படி இருக்கிறது என்றதற்கு, "இருக்குது" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் யமுனாவைப் பின்வாசலுக்கு அழைத்துப் போய்ச் சாமான்களைக் காட்டினேன். ஒரு மாதப் பயிற்சி, ஒழுக்கத்தில் பெரும் மாற்றம், யாருடைய காலிலும் குறுக்கே வராது என்று விளக்கினேன்.

"பாபின், தாண்டு!"

பாபின் தடைக்கு முன்னால் போய் மூன்று முறை சுற்றிப் படுத்துக்கொண்டது.

"அப்பா, அது தூங்குது."

"சாப்பிட்ட மயக்கம்."

"இதெல்லாம் எதுக்குப்பா? உங்களுக்குப் பிரியம்னு தெரியுது. அம்மா கால விட இது முக்கியமா?" பட்டையை மாட்டினாள். பாபின் கழுத்தைக் காட்டி நின்றது. வாசலுக்குக் கூட்டிப் போனாள், கார்க் கதவைத் திறந்தாள்.

பாபின் தாண்டியது. ஒரே தாவலில், உடம்பு எதிலும் படாமல், பின்சீட்டில் போய் உட்கார்ந்தது. ஒன்றரை அடிக்குக் குறையாது. உட்கார்ந்துவிட்டு, நானும் வருவேன் என்று எனக்கு இடம் விட்டு நகர்ந்தது.

"நாயை எறக்கு," என்றேன்.

"அப்பா, திரும்பத் திரும்ப..."

"ஹோஸ் படியில கெடந்துச்சு."

"எந்த ஹோஸ்?"

"செடிக்குத் தண்ணி விட்டுட்டுச் சுத்தி வெக்காம அப்படியே போட்டுட்டுப் பேப்பர் படிக்கப் போயிட்டேன். அம்மா சொல்லிட்டேதான் இருப்பா, சுத்தி வையுங்க சுத்தி வையுங்கன்னு. அவ கால் அதுலதான் சிக்குச்சு. நான் ஓடி வந்தப்ப ஹோஸ் கால்ல சுத்தியிருந்துச்சு. நான்தான் எடுத்து அக்கட்டால வீசினேன். நாய் அவ விழுந்த பொறவுதான் பக்கத்துல வந்துச்சு."

யமுனா என்னைப் பார்த்தாள். மில்லில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களை நான் எப்படிப் பார்த்தேன் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எண்பது நாளாப்பா?"

"எண்பத்தியோரு நாள்."

"அந்த ஹோஸ் எங்க?"

"கம்புக்கு உறையா மாட்டிட்டேன்."

அவள் முகத்தில் வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "அப்பத் தோட்டத்துக்கு உங்களைத்தான் ஏத்திட்டுப் போகோணும்."

"அவரையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மயிலாத்தாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வரை வந்திருந்தாள், நடந்து. "அவிய வெச்சுக்க மாட்டாங்க யமுனா. தோட்டத்துக்கு, தப்பு நடந்தா உடனே குலைக்கற நாய்தான் வேணும்."

யமுனா அம்மாவைப் பார்த்தாள், வாக்கரைப் பார்த்தாள், ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். பாபினை யாரும் இறக்கவில்லை. அரைமணி நேரம் காரிலேயே தூங்கியது.

மார்ச் 3, திங்கள்

மயிலாத்தாளிடம் கேட்டேன். "ஹோஸுன்னு உனக்கு மொதல்லயே தெரியும். அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா, 'தப்புதான் மயிலு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடி பேப்பர எடுத்திருப்பீங்க. அதோட முடிஞ்சிருக்கும்."

"கோவமா இருந்தியா?"

"பின்ன? விழுந்ததுக்கு இல்லீங்க. ஆஸ்பத்திரியில படுத்துட்டுக் கேக்கறேன், நீங்க போன்ல, 'பக்கத்துல நாய்தான் இருந்துச்சு'ங்கறீங்க. அதுக்குத்தான். உங்க முன்னால ஒரு அடிகூட வெக்கறதில்லைன்னு அன்னிக்கே நெனச்சேன்."

அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இல்லை என்றே சொன்னேன்.

பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டு, "டவுன் பஸ் படி எவ்வளவு ஒசரமுங்க இருக்கும்?" என்றாள். சூலூரில் தங்கை வீட்டுக்கு, யார் கையையும் பிடிக்காமல், பஸ் ஏறிப் போக வேண்டுமாம். அந்த உயரத்துக்கு ஒரு படி செய்து வைத்தால் பழகிக்கொள்ளலாம் என்றாள்.

"நான் பக்கத்துல நிக்கலாமா?"

"நோட்டு இல்லாம நில்லுங்க."

மார்ச் 10, திங்கள்

அளவு நாடாவோடு ஒண்டிப்புதூர் போனேன். டவுன் பஸ் ஒன்று புறப்படக் காத்திருந்தது. குனிந்து முன்படியின் உயரத்தை அளந்தேன். பதினாறு அங்குலம். அடுத்த படியையும் அளந்து தாளில் குறித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் இறங்கி வந்தார். என் வெள்ளை வேட்டி, கண்ணாடி, தாள், நாடா எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாருங்க நீங்க? எதுக்குப் படிய அளக்கறீங்க? கேஸ் கீஸ் போடறீங்களா?"

"இல்லீங்க. வீட்ல இதே மாதிரி ஒண்ணு செய்யோணும்."

"வீட்ல பஸ் படியா?" என் தாளில் மேலே இருந்த பழைய குறிப்புகளைப் படித்தார். தாண்டுதடை, கம்பு, குகை. "நாய்க்குங்களா? நம்ம மச்சான்கூட நாய்க்கு இப்படித்தான் என்னென்னமோ செஞ்சுட்டு இருக்கான்."

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். சந்தேகம் தீர்ந்திருக்கும், அவரும் ஏறியிருப்பார்.

"இல்லீங்க," என்றேன். "என் சம்சாரத்துக்கு. நான் படியில போட்ட ஹோஸ்ல தடுக்கி விழுந்து கால் ஒடிஞ்சுருச்சு. பழிய நாய் மேல போட்டுட்டேன்."

அவர் நாடாவின் மறுமுனையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். "இருப்பா," என்று கத்திவிட்டு, "அப்பறம்?" என்றார் என்னிடம். ஜன்னலோரம் இரண்டு பெண்கள் தலையை வெளியே நீட்டினார்கள். நான் டிசம்பர் 11-இலிருந்து தொடங்கினேன்.

பஸ் ஒன்பது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.